ஒரத்தநாட்டில் ஒரு புதன்கிழமை

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்ப்பார்கள். சரசுவதி மகாலைப் பார்ப்பார்கள். தலையாட்டிப் பொம்மை ஒன்று வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். நானும் பல தடவை அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். இந்த முறை, பட்டுக்கோட்டை சாலையில் உள்ள ஒரத்தநாட்டுக்குப் பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் பச்சை. ஊர்க்காரர்கள் 'புது ஆறு' என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடவுப் பெண்கள் வரப்பில் குந்தி, தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரத்தநாட்டில் இருக்கிறது முக்தாம்பாள் சத்திரம். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாகக் கட்டியது. சத்திரம் என்றால் வழிப்போக்கருக்குச் சோறு போடும் இடம் என்றுதானே நினைக்கிறோம்? தஞ்சைச் சத்திரங்களில் நோயாளிக்கு வைத்தியர் உண்டு. தாய் தகப்பனற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டு. பிரசவமான பெண் மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம். 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் மன்னரே இவற்றை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் அம்மைப்பால் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் ஜென்னர் 1796-இல் கண்ட முறை, 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் முதன்முதலாகப் பலித்தது.

சத்திரத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் துணைச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். வேப்பமர நிழலில் ஏழெட்டுத் தாய்மார்கள். உள்ளே நர்ஸம்மா, ஐஸ் வைத்த பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தார். தட்டம்மை–ரூபெல்லா மருந்தைக் கரைத்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டுமாம். மீந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒன்பது மாதக் குழந்தையுடன் வந்திருந்த ஓர் இளம் தாய் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"போன ஊசிக்கு ராத்திரி பூரா காய்ச்சல், அக்கா. அவரும் ஊரில் இல்லை. இன்னொரு தடவை பார்த்துக்கலாமே" என்று இழுத்தாள்.

அவளுடன் வந்திருந்த கிழவிக்கு எண்பது இருக்கும். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பேத்தியின் கையைப் பிடித்து, தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அம்மை குத்துறவர் தெருவுக்குள்ளே வந்தாலே எங்க ஆத்தா என்னையும் தம்பியையும் நெல்லுக் குதிருக்குப் பின்னாலே ஒளிச்சுவச்சுடும். காய்ச்சல் வருமேங்கிற பயம், உன்னை மாதிரிதான். அடுத்த கோடையிலே ரெண்டு பேருக்கும் பெரியம்மை. எனக்கு முகத்தோட போச்சு. அவன் போயே போயிட்டான். ஆத்தா சாகிற வரைக்கும் அந்தக் குதிரு பக்கம் போகவே இல்லை."

வேப்பமரத்தடியில் ஒருவரும் பேசவில்லை.

"மாரியாத்தா கோவிச்சுக்குமேன்னு அப்போ சொல்லுவாங்க. புன்னைநல்லூருக்கு வருஷா வருஷம் நான் போயிட்டுத்தான் இருக்கேன். என் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசியும் போட்டேன். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்கலை!" என்று சிரித்தார் கிழவி.

இளம் தாய் எழுந்து உள்ளே போனாள். "காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும்னு சொல்லுங்க, அக்கா" என்று கேட்டாள். நர்ஸம்மா நிதானமாகச் சொன்னார்: இலேசான காய்ச்சல் வரலாம், தாய்ப்பால் தவறாமல் கொடுக்க வேண்டும், காய்ச்சல் மாத்திரையைக் குழந்தையின் எடைக்குத் தக்கபடி தாமே சொல்வதாகவும், குழந்தை துவண்டுபோனாலோ வலிப்பு வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னார். வலது கையில் ஊசி. ஒரே வீறல்! அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது கட்டளை.

அந்த அரை மணியில் குழந்தை கொள்ளுப்பாட்டியின் மடியில் ஏறி, அந்தக் குழி விழுந்த கன்னத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. அந்தத் தழும்பு இனி எந்தக் குழந்தையின் முகத்திலும் விழாது. தட்டம்மை அப்படியல்ல, அது இன்னும் இருக்கிறது.

கிழவி தடுப்பூசி அட்டையை வாங்கி, சுருக்குப் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்தார்.

"அடுத்தது பதினாறு மாசம் முடிஞ்சதும், பாட்டி" என்றார் நர்ஸம்மா.

"நான் இருந்தா நான் கூட்டியாறேன். இல்லேன்னா இவ வந்துடுவா" என்றார் கிழவி.

பேத்தி தலையசைத்தாள்.