ஒன்பது பேருக்குப் பங்க்

விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் அறுபது மணி நேரம். இந்த இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதிவைத்துக்கொண்டுதான் எங்கள் முதல் கூட்டம் தொடங்கியது. மதுரையில் என் வீட்டு மொட்டைமாடி, சாயங்காலம், ஒன்பது பேர். எல்லாரும் மானாமதுரைப் பக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் 1985-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். அந்தமானுக்குப் போவது என்பது போன தீபாவளிக்கே முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் பேச்சு நின்றது.

பாத்திரக் கடை வைத்திருப்பவன் சொகுசுக் கப்பல் என்றான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கு அப்படியொரு கப்பல் கிளம்பியபோதே அவனுக்கு ஆசை. நீச்சல் குளம், மேடைக் கச்சேரி, விதவிதமான சாப்பாடு என்று அடுக்கினான். அந்தக் கப்பலில் போனால் கப்பல்தான் ஊர். தீவில் சில மணி நேரம் இறங்கிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். எங்களுக்குத் தீவில் தங்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. மற்றவர்கள் விமானம் என்றே சொன்னார்கள். அதுவரை வாய் திறக்காமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்த ஒருவன் மட்டும், "கப்பல்னா நான் வர்றேன். பிளேன்னா நீங்க போய்ட்டு வாங்கடா" என்றான். மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன். எதற்கும் பிடிவாதம் பிடித்து நாங்கள் பார்த்ததில்லை. அதனாலேயே அந்த வார்த்தைக்கு எடை கூடிவிட்டது. கப்பல் என்று எழுதி அடிக்கோடு போட்டோம்.

எழுதிய பிறகுதான் எனக்கு அந்தக் கடலின் அளவு புரிய ஆரம்பித்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழி 1190 கிலோமீட்டர். (2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) அறுபது மணி நேரம் என்று கணக்குப் போட்டால் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்துவிட்டால் நாங்கள் சைக்கிளை மிதித்த வேகம்தான் அது. அந்த வேகத்தில் இரவும் பகலும் நிற்காமல் ஏறக்குறைய நேர் கிழக்கே போக வேண்டும். காலையில் சூரியன் முன்பக்கம் எழும், மாலையில் பின்பக்கம் இறங்கும். கடிகாரத்தைத் தொட வேண்டாம், அங்கேயும் இந்திய நேரம்தான். ஆனால் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னதாகவே விடிந்துவிடும், இருட்டுவதும் அப்படியே. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அங்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. விமானத்தில் போகிறவன் அந்த ஐம்பது நிமிடத்தைப் போய் இறங்கியதும் மொத்தமாக வாங்கிக்கொள்கிறான். கப்பலில் போகிறவனுக்கு அது தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். இதை நினைத்தபோதே எனக்கு விமானத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது.

அடுத்தது மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம், அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மே பாதிக்கு மேல் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். நடுவில் கிடைப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். அந்த நான்கு மாதத்துக்குள் ஒன்பது பேருடைய பிழைப்பையும் வைத்துப் பார்த்தோம். விவசாயம் பார்ப்பவனுக்குத் தை முழுக்க அறுப்பு. சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவனுக்குத் தையிலும் மாசியிலும் வரிசையாக முகூர்த்தம். பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு முகூர்த்தமில்லாத நாட்களை எண்ணினான். வாத்தியாருக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. இன்னொருவனுடைய மகளுக்குப் பிரசவம் சித்திரையில். ஒருவர் ஒருவராகச் சொல்லச் சொல்ல நான் கட்டங்களை அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் பாதி.

அப்படிப் பிடித்த நாளைக் கொண்டுபோய்க் கப்பலிடம் கொடுக்க முடியாது. மாதத்துக்குச் சில நடைகள்தான். எந்தத் தேதி என்பது பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்புதான் தெரியவரும். அதன்பிறகும் காற்று மழையென்றால் மாறும், இயந்திரக் கோளாறென்றால் மாறும். ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய சங்கடம். எங்களில் இரண்டு பேர் முகம் வாடிவிட்டது. எனக்கென்னவோ இதைக் குறையாகச் சொல்லத் தோன்றவில்லை. தீவுக்காரர்கள் வருஷம் முழுக்க இந்தத் தேதிகளை நம்பித்தான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்துபோகிறார்கள். நாங்கள் ஒரு தடவை அதற்கு வளைந்துகொடுப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள் என்று சும்மா விட்டு வைத்தோம். லீவு நீட்ட முடியாத இரண்டு பேர் திரும்பும்போது மட்டும் விமானத்தில் வருவதென்று பேசிக்கொண்டோம்.

தீவில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி அதிகம் தகராறு இல்லை. வாத்தியார் செல்லுலார் சிறைக்கு ஒரு முழு நாள் வேண்டும் என்றார். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பிரிந்த ஏழு கட்டடங்கள், அவற்றில் இன்று மூன்றுதான் நிற்கின்றன. ஒன்றின் முகப்பு இன்னொன்றின் முதுகைப் பார்க்கும்படி கட்டியதால் ஒரு கைதி எதிர்க் கட்டடத்துக் கைதியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. அதை அவர் விவரித்தபோது மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வாக்குவாதம் வந்தது பாராடாங் தீவால்தான். அங்கே சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன, போனவர்கள் எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் சாலை வழியாகப் போனால் ஜாரவா பழங்குடிகளின் காப்பகத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். வண்டிகளைச் சேர்த்துவிட்டுக் காவலோடு அனுப்புகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று சட்டம். காப்பகத்துக்குள் ஓடும் அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. இன்றும் வண்டி ஓடுகிறது. வடக்கே குடியிருக்கும் மக்களுக்கு அந்தச் சாலை தேவைப்படலாம். எங்களுக்கு என்ன தேவை? "கண்ணாடிய ஏத்திக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராமப் போவோம்டா" என்றான் பாத்திரக் கடைக்காரன். "நம்ம தெருவுக்குள்ள தினம் நூறு வண்டி அப்படிப் போனா ஒத்துக்குவியா?" என்று விவசாயி கேட்டான். அவன் தோட்டத்தின் ஊடாகத்தான் நான்குவழிச் சாலை போகிறது. குகையை அடித்துவிட்டோம். இந்தத் திட்டத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

இரண்டாம் கூட்டத்தில் மாத்திரைக் கணக்கு. நாற்பது வருஷப் பழக்கம், எவனுக்கு என்ன பிடிக்கும், எவன் எதற்குக் கோபப்படுவான் என்பதெல்லாம் தெரியும். எவன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று பேருக்குச் சர்க்கரை, அதில் ஒருவன் இரண்டு வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறான். எங்களிடம் மூச்சுவிடவில்லை. ஒருவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட். ஒருவனுக்கு முழங்கால் மடங்காது, மேல் படுக்கை அவனுக்கு ஆகாது. இன்சுலினுக்கு ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்க், ஆளுக்குப் பத்து நாள் மாத்திரை கூடுதலாக, அதையும் இரண்டு பைகளில் பிரித்து, என்று எழுதினேன். கப்பல் ஆடினால் வரும் குமட்டலுக்கு டாக்டர் சொன்னது எளிமையானது. உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ அறையின் ஆடாத சுவரைப் பார்க்கிறது, இரண்டுக்கும் நடக்கும் சண்டைதான் மயக்கம். வெளியே வந்து தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. அவோமின் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும், பின்னால் போட்டால் பயன் குறைவு. என் மனைவி தன் பங்குக்கு இஞ்சி மரப்பா கிண்டித் தருவதாகச் சொன்னாள்.

பிறகு வந்தது வகுப்பு. அந்தமான் போகும் கப்பல்களில் டீலக்ஸ் கேபின், முதல் வகுப்புக் கேபின், இரண்டாம் வகுப்புக் கேபின், கடைசியாகப் பங்க். பங்க் என்பது கீழ்த்தளத்தில் பெரிய கூடம். வரிசை வரிசையாக இரண்டடுக்கு இரும்புப் படுக்கை, நூற்றுக்கணக்கான பேர். கட்டட வேலைக்குப் போகிறவர்களும் சொந்த ஊருக்கு வந்து திரும்பும் குடும்பங்களும் பெரும்பாலும் அதில்தான் போவார்கள். நாங்கள் கேபின் என்று கைதூக்கினோம். மின்வாரியத்து நண்பன் மட்டும், "எனக்குப் பங்க் போதும்" என்றான்.

அவனுக்குக் கைமுடை என்று நான் நினைத்துவிட்டேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அடுத்த வாரம் அவனுக்குத் தெரியாமல் எட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவன் கேபின் பணத்தைச் சேர்த்தோம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், என்னைத்தான் அனுப்பினார்கள்.

போனபோது அவன் வீட்டில் இல்லை. அவனுடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. என்னை உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "கப்பல்ல போறீகளாமே" என்று ஆரம்பித்தார். அவர் கணவர் கொத்தனார். எழுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேருக்கு வேலைக்குப் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போவார். ஹர்ஷவர்தனா என்ற கப்பல் பெயரை அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் மாதிரி சொன்னார். எப்போதும் பங்க்தான். நண்பனுக்கு அப்போது ஏழு வயது, எட்டு வயது. அப்பா கப்பலில் எப்படிப் படுத்திருப்பார், எதைப் பார்த்துக்கொண்டு போவார் என்று ராத்திரியெல்லாம் கேட்பானாம். ஒரு தடவை அப்பா கொண்டுவந்த சப்பாத்திக் கட்டை இன்னும் அடுக்களையில் இருக்கிறது, எடுத்துக் காட்டினார். அந்தமான் படாக் மரம். நாற்பது வருஷம் மாவு தேய்ந்தும் செங்கல் நிறம் போகவில்லை. ஒரு முனை மட்டும் பிடித்துப் பிடித்து வழுவழுவென்று கறுத்திருந்தது.

சட்டைப் பையில் இருந்த பணத்தை நான் வெளியே எடுக்கவில்லை. அன்று ராத்திரியே மற்ற ஏழு பேருக்கும் போன் போட்டேன். யாரும் விவாதிக்கவில்லை. பாத்திரக் கடைக்காரன்தான் முதலில், "ஒன்பது பேருக்கும் பங்க் போடு. எல்லாருக்கும் ஒரே வரிசை கிடைக்குதான்னு பாரு" என்றான். முழங்கால்காரனுக்கும் ஸ்டென்ட் வைத்தவனுக்கும் கீழ்ப் படுக்கை. படுக்கை விரிப்பு, போர்வை, தட்டு, தண்ணீர்ப் பாட்டில் கையோடு. சேர்த்த பணம் பொதுச் செலவுக்கு. நோட்டில் கேபின் என்றிருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் பங்க் என்று எழுதினேன்.

அவன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா சொன்னதை நான் நோட்டில் எழுதவில்லை, ஆனால் திட்டத்தில் அதுவும் சேர்ந்துவிட்டது. கப்பல் கிளம்பிய நாளிலிருந்து போய்ச் சேர்ந்த தந்தி கைக்கு வரும்வரை அவர் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்ததில்லையாம். எண்ணெய் கொதித்தால் கடலும் கொதிக்கும் என்று மாமியார் சொன்ன பழக்கம். நான்கு நாள், ஐந்து நாள், ரசமும் துவையலும்தான், தாளிப்புக்கூடக் கிடையாது. ஒரு தடவை கப்பல் இரண்டு நாள் தாமதமாகக் கிளம்பியது ஊருக்குத் தெரியவில்லை. இவரோ சொன்ன தேதியிலேயே தொடங்கி, தந்தி வராமல், எட்டு நாள் அப்படியே இருந்திருக்கிறார். பிள்ளைகள் அப்பளத்துக்கு அழுததைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இப்ப போன் இருக்கு, ஒன்னும் பயமில்ல. ஆனா நடுக்கடல்ல டவர் கெடைக்காதுன்னு இவன் சொல்றான்" என்றார். பிறகு வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைக்குக் கெளம்புறீகன்னு சொல்லிட்டுப் போங்கப்பா. தேதி மாறுச்சுன்னா அதையும் சொல்லிரணும்."

பிப்ரவரி நடைகளின் தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் முதலில் அவருக்குத்தான் போன் செய்ய வேண்டும்.