மூக்கில் கொஞ்சம் ஈயம்!

ஸ்பிட்ஃபயர்! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வானத்தைக் காத்த போர் விமானம். இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். அதை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, பால்சா மரத்தில் செய்து ரிமோட்டில் பறக்கவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் 'பொம்மை'க்கே இறக்கை 2.8 மீட்டர்!

கட்ட மாதக்கணக்கில் ஆகும். மண்ணில் மோத ஒரு நொடி போதும். காப்பாற்றுவது சமநிலைதான். இறக்கை அகலத்தில், முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய கால் பங்கில் இருபுறமும் விரல் கொடுத்துத் தூக்கினால், விமானம் தராசு முள்போல நிற்க வேண்டும். வால் கனத்தால் கைக்கு அடங்காது. அதனால் மூக்கில் ஈயம் வைப்பார்கள். பறக்கும்போது, குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் நேராகப் போகும்வரை, ரிமோட்டின் 'ட்ரிம்' பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுவார்கள்.

நடிகர் அஜித்குமாருக்கும் இந்தப் பித்து உண்டு. சென்னை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகர் ஆனார். 2018-ல் ஆஸ்திரேலியாவில், ஆளில்லா விமானத்தில் மருத்துவ உதவி சேர்க்கும் போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் பெற்றது.

இதன் அருமை வீரசோழன் பக்கத்துக் கரிசல்காட்டில் புரியும். நடுராத்திரியில் பாம்பு கடித்தால் பெரியாஸ்பத்திரி தேடி மதுரைக்கு ஓடும் ஊர்கள் அவை. அங்கே ஒரு பிள்ளை விமானம் செய்ய ஆசைப்பட்டால், வெட்டிவேலை என்று விரட்டாதீர்கள். தெர்மாகோல் வாங்கிக் கொடுங்கள். மூக்கில் ஒற்றை ரூபாய் நாணயம் ஒட்டிப் பார்க்கட்டும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.