மெர்போக்கில் எல கொட்டுற காலம்

ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை தன் இலைகளை எல்லாம் கொட்டிவிடும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் மழை விட்டு வறட்சி தொடங்கும் ஜனவரி மாத வாக்கில் இலை பழுக்க ஆரம்பிக்கும். பச்சை முதலில் மஞ்சளாகும், பிறகு செம்பு நிறமாகும். பிப்ரவரியில் தோட்டம் முழுவதும் குச்சி குச்சியாக நிற்கும். ஆங்கிலேயத் துரைமார் தங்கள் ஊர்க் குளிர்காலத்தை நினைத்துக்கொண்டு இதை 'வின்டரிங்' என்றார்கள். தோட்டத்துப் பேச்சில் இது 'எல கொட்டுற காலம்'. பனியே விழாத நாட்டில் கண்ணுக்குக் குளிர்காலமாகத் தெரிவது இந்தச் சில வாரங்கள் மட்டும்தான்.

மெர்போக்கைப் பார்க்க ஏற்ற காலமும் இதுவே. கோல மூடா மாவட்டத்தில், ஜெராய் மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் சிறு ஊர் அது. வடக்கே மலை, தெற்கே மெர்போக் ஆறும் அதன் அலையாத்திக் காடுகளும். பீடோங்கும் சுங்கைப் பட்டாணியும் பக்கத்து ஊர்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களைப் பார்த்துவிட்டு, ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயில் அங்கேயேதான் இருக்கும். ரப்பர் மரத்தில் நடக்கும் பால்வெட்டைப் பார்க்க வேண்டுமானால் விடிவதற்கு முன் எழுந்து போக வேண்டும்.

பால்வெட்டு இருட்டில் தொடங்குவதற்குக் காரணம் மரத்திலேயே இருக்கிறது. இரவில் இலைகள் நீரை வெளியிடுவது குறைவதால் பட்டைக்குள் அழுத்தம் ஏறி, விடியும் முன் உச்சத்தில் நிற்கும். அந்நேரம் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறியபின் வெட்டினால் அதே மரம் கஞ்சத்தனம் காட்டும். எனவே ஐந்து, ஐந்தரை மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் மர வரிசையான நிரைக்குள் இறங்கிவிடுகிறார்கள். இலையுதிர் காலத்து விடியலில் வானம் தெளிந்து கிடப்பதால் காற்று சில்லென்று இருக்கும். தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, இடுப்பில் புகையும் கொசுவர்த்தி. மற்ற மாதங்களில் இருட்டில் ஆள் வருவது தெரியாது. இப்போது காய்ந்த சருகு காலடியில் நொறுங்கும் சத்தம் ஆளுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அதே சருகில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் நிரையே பற்றிக்கொள்ளும் என்பதால் இந்த மாதங்களில் நெருப்பு விஷயத்தில் எல்லோரும் கண்டிப்பு.

ஒரு மரத்தில் நடக்கும் வேலை முழுவதும் இருபது வினாடிக்குள் முடிந்துவிடும். வேகம் பழகாத கண்ணுக்கு என்ன நடந்தது என்றே பிடிபடாது. முந்தின வெட்டில் வழிந்து உறைந்திருக்கும் கோட்டுப்பாலை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் நாடாபோல உரித்து இடுப்புப் பையில் போடுவது முதல் வேலை. பால் சொட்டும் கிண்ணமான மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைப்பது இரண்டாவது. அதன்பின் உளி பட்டையில் இறங்கும். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சுமார் 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சிறு சிறு இழுப்புகளாக வெட்டு ஓடுகிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் கால் ஓர் அடி நகர்கிறது. கை மட்டும் வேலை செய்வதுபோல் தோன்றினாலும் உடம்பே மரத்தைச் சுற்றி வருகிறது. சீவல் சுருண்டு விழுகிறது. வெட்டின் மேல்முனையில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்றாகச் சேர்ந்து, கோட்டில் இறங்கித் தகரப் பீலி வழியாக மங்கில் சொட்டத் தொடங்கும்போது ஆள் அடுத்த மரத்தில் இருக்கிறார்.

இடமிருந்து வலமாகச் சரிவதும் பழக்கத்தால் மட்டும் வந்ததல்ல. பட்டைக்குள் பால்நாளங்கள் நேர்செங்குத்தாக ஏறாமல் மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்கின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிக நாளங்களை அறுக்கும். திசை மாற்றி வெட்டினால் பால் குறையும்.

எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. பால்நாளங்கள் பட்டையின் உட்புறத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்தே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம். பாலுக்காக அந்தப் படலத்தின் பக்கத்தில் போயே ஆக வேண்டும், ஆனால் அதைத் தொட்டுவிடக் கூடாது. விட வேண்டிய இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். தொட்டுவிட்டால் காயம் ஆறி முடிச்சு முடிச்சாக வீங்கும். புதுப்பட்டை வளர்ந்தபின் அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. தோட்டங்களில் வெட்டைச் சோதிக்க வரும் தண்டல் பால் அளவைப் பார்ப்பதற்கு முன் காயத்தைத்தான் தேடுவார்.

சீவலின் கனத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டில், மழைநாளும் ஓய்வும் கழித்து ஆண்டுக்கு 150 வெட்டுக்கு 22.5 சென்டிமீட்டர். ஒட்டுமரத்தில் சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கும் வெட்டு அடிக்கு வர ஆறேழு ஆண்டு பிடிக்கும். பிறகு மறுபக்கம். அது முடிவதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை தயாராகிவிடும். சீவலை இரட்டிப்புக் கனமாக எடுக்கும் கை மரத்தின் பாதி ஆயுளைத் தின்றுவிடும். 500, 600 மரத்தை விளக்கு வெளிச்சத்தில் இந்தக் கணக்கோடு வெட்டுகிறவரை எந்தப் பதிவேடாவது 'திறனற்ற தொழிலாளி' என்று எழுதியிருந்தால் அது எழுதியவரின் அறியாமை.

பாதிச் சுருள், ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற இந்த முறைக்குப் பின்னால் நீண்ட சோதனை இருக்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் சிங்கப்பூர் வந்தன. பின்னர் அங்கே தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கலாம் என்று காட்டினார். அதன்பிறகுதான் ரப்பர் தோட்டப் பயிரானது. தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் சேர்க்கும் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா, அந்த ஆண்டு ஒப்பந்தத்தால் பிரிட்டிஷார் கைக்கு வந்தது, தோட்டங்கள் பெருகின. 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் கப்பலேறுவதைத் தடுத்தது. அதற்குள் வரிசை வீடுகளான லயங்களும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களங்களும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைகளும், மாரியம்மன் கோயில்களும் நிறைந்த ஒரு தமிழ் உலகம் இங்கே உருவாகியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை அதிலிருந்து பலரைக் கொண்டுபோயிற்று. போருக்குப் பின் 1947இல் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதும் இந்தச் சுற்றுவட்டாரத்துக் கதைதான்.

ஒன்பது, ஒன்பதரைக்கு வெட்டு முடிகிறது. பால் சொட்டி முடிய இன்னும் நேரம் இருப்பதால் பசியாறும் வேளை இது. மலேசியத் தமிழில் 'பசியாறுவது' என்றால் காலை உணவு. தூக்கில் வருவது நேற்றைய சோறும் கருவாட்டுக் குழம்பும், அல்லது கடையில் கட்டிவந்த நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சம்பல், வறுத்த நெத்திலி, அவித்த முட்டை, வாழையிலையும் காகிதமும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். கூடவே பாலில்லாத கோப்பி ஓ. விரலில் பிசுபிசுக்கும் ரப்பர்ப் பாலை முதலில் உரசி உருட்டித்தான் எடுக்க வேண்டும். தண்ணீரில் அது போகாது.

பால் சேர்ப்பது அடுத்த கட்டம். முன்பு காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள். இப்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் தோம்பு கட்டியிருக்கிறது. பாலை ஸ்டோரில் நிறுத்து, மெட்ரோலாக் மிதவையை இறக்கிப் பாலில் எவ்வளவு ரப்பர் என்று பார்ப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவு ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். உறையாமல் இருக்க அம்மோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். ஆனால் சிறுதோட்டக்காரர்கள் இந்தச் சிரமத்தையே விட்டுவிட்டார்கள். பாலை மங்கிலேயே உறையவிட்டுச் சில நாளுக்கு ஒருமுறை கட்டிப்பாலாகப் பொறுக்குகிறார்கள். ஆள் கூலி மிச்சம். கட்டிப்பால் லாரி மெர்போக் சாலையில் போனால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டியதுதான். அந்த நாற்றத்தை வருணிக்க முயலாமல் இருப்பது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

இலையுதிர் காலம் வருமானத்துக்கு ஆகாத காலம். இலை கொட்டும்போதுகூடப் பால் ஓரளவு வரும். புதுத்தளிர் விடும் வாரங்களில் மரம் தன் சத்தை எல்லாம் இலைக்குச் செலவிடுவதால் பால் இறங்கிவிடும். நிழல் இல்லாத நிரையில் வெயில் நேரே விழுந்து பால் சீக்கிரம் உறையும். பலர் அந்த வாரங்களில் மரத்துக்கு ஓய்வு விட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். மழைக்காலத்தில் பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, அன்றைய கூலியும் இல்லை. ஆக ஆண்டில் இரு பருவங்கள் வெட்டுக்காரர் கையைக் கடிக்கின்றன. இன்று வெட்டும் கைகளில் தமிழர் கைகள் குறைந்துவிட்டன. பெரிய தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. நாட்டின் ரப்பர் நிலத்தில் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களிடம் இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி ஆலைகளிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பார்க்க வேண்டியது தொல்பொருள் காட்சிக்கூடம். வறண்ட மாதமாதலால் அதையொட்டிய மலையோடையில் தண்ணீர் குறைவு. பாறைகள் வெளியே தெரியும். ஓடைக் கரையில் நிற்பது புக்கிட் பத்து பஹாட் கோயில். குவாரிச் வேல்ஸ் தம்பதி 1930களில் அகழ்ந்தது; அலஸ்டர் லாம்ப் 1959, 1960இல் மீண்டும் எடுத்துக்கட்டியது. கருங்கல் அடித்தளம், சிறு கருவறை, முன்னே மண்டபம். மண்டபத் தூண்கள் மரத்தாலானவை, மக்கிப்போய்விட்டன. அவை நின்ற கல் தாங்கிகள் மட்டும் வரிசையாக எஞ்சியிருக்கின்றன. ஒன்பது குழியுள்ள கற்பேழைகளும் இங்கே கிடைத்தன. மலாயில் 'பத்து' என்றால் கல், 'பஹாட்' என்றால் உளி. காலையில் பட்டையில் ஓடிய உளியைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பெயரின் பொருள் எளிதில் மறக்காது.

சற்று தள்ளி, செமிலிங் பக்கம், சுங்கை பத்து. இங்கே 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும், கசடும், ஊதுகாற்றுக்கான சுடுமண் குழல்களும் குவியல் குவியலாக வெளிப்பட்டன. இதன் தொடக்க ஆண்டு குறித்து ஆய்வாளர் நடுவே இன்னும் சண்டை ஓயவில்லை. குழல் துண்டைப் பக்கத்தில் பார்த்தால் முனை உருகிக் கண்ணாடிபோல் மினுங்குகிறது. மறுமுனை சாதாரணச் செங்கல் நிறத்தில் இருக்கிறது. உலையை ஊதியவர்களின் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அரசர் பெயர்கள் வேறிடத்தில் கிடைக்கின்றன: ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படையெடுத்த கடாரம் இந்தப் பகுதியே என்கிறார்கள், பட்டினப்பாலை சொல்லும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை எழுதினார். இந்தப் பள்ளத்தாக்கில் 2013இல் ஒரு கோயில் அடித்தளம் நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டுப் பெரும் கூச்சல் எழுந்தது.

மாலையில் தஞ்சோங் டாவாய் வரை போகலாம். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் அந்த மீனவர் ஊரில் நெத்திலியும் கருவாடும் பெலாச்சானும் கடைகளில் குவிந்திருக்கும். காலைப் பொட்டலத்தில் இருந்த நெத்திலிக்கும் இதுவே ஊராக இருக்கலாம். கரையோரக் கடைகளில் இறாலும் நண்டும் காரமாகச் சமைத்துத் தருகிறார்கள். திரும்பும் வழியில், மெர்போக்கில், ஒரு வீட்டு வாசலில் வெட்டுக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வெளிப்புறத்துக்குத் தட்டைக் கல், வளைந்த உட்புறத்துக்கு விரல் தடிமனில் உருண்டைக் கல். தீட்டியபின் பெருவிரல் நகத்தின் மேல் உளியின் கூர்முனையை வைத்து லேசாகத் தள்ளிப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி தண்ணீர் தெளித்தார்.