அலகு எந்தப் பக்கம் வளைகிறது?

பறவைக் குறிப்பேட்டில் நான் ஓயாமல் எழுதும் சொற்களில் ஒன்று ‘கீழ்நோக்கி’. கீழ்நோக்கி வளைந்த அலகை ஆங்கிலக் கையேடுகள் ‘டிகர்வ்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். புதிதாகப் படிப்பவர்களில் சிலர் அதை ‘வளைவு நீங்கியது’ என்று எடுத்துக்கொள்வார்கள். மேலே வளைந்தால் ‘ரிகர்வ்ட்’. தமிழில் குறிப்பெழுதும் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் வெறுமனே ‘வளைந்த அலகு’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது போதாது.

கோடியக்கரைப் பக்கம் குளிர்காலத்தில் கோட்டானையும் பார்க்கலாம், கோணமூக்கு உள்ளானையும் பார்க்கலாம். (ஆந்தையையும் ஊரில் கோட்டான் என்பார்கள், நான் சொல்வது கடலோரச் சேற்றில் மேயும் நெட்டைக்கால் பறவை.) இரண்டுக்கும் வளைந்த அலகுதான். கோட்டானுக்குக் கீழே வளைகிறது, கோணமூக்கு உள்ளானுக்கு மேலே. இந்த வேறுபாட்டில்தான் அவற்றின் பிழைப்பே இருக்கிறது. கோணமூக்கு உள்ளான் அலகை லேசாகத் திறந்து, ஆழமில்லாத நீரில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். முன்பாதி மேலே வளைந்திருப்பதால், தலையைக் குனிந்ததும் அந்தப் பகுதி நீருக்குள் படுக்கையாக அமைந்துவிடுகிறது.

சின்னக் கோட்டானின் வேலை வேறு. நண்டு வளை நேராக இறங்குவதில்லை. பறவை கழுத்தைச் சாய்த்து, தலையைத் திருகி, வளையின் போக்கிலேயே அலகை உள்ளே விடும். வெளியே எடுக்கும்போது நுனியில் நண்டு துடிக்கும். அதை உதறிக் கால்களைக் கழற்றி, சில நேரம் தண்ணீரில் அலசி, பிறகுதான் விழுங்கும். தொலைநோக்கியில் இதைப் பார்த்தவருக்கு அந்த வளைவின் பயனைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பெயர் வைத்தவர்கள் வடிவத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். அரிவாள் மூக்கன் என்றதும் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வளைந்த தடித்த அலகு கண்ணில் நிற்கிறது. பெரிய கோட்டானின் அறிவியல் பெயரான நியூமினியஸ் ஆர்க்வாட்டாவில் பிறையும் உண்டு, வில்லும் உண்டு. ஆனால் பிறை எந்தப் பக்கமும் சாயும். திசையைக் குறிப்பெழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.

திசைக்கு அடுத்தது, வளைவு எங்கே தொடங்குகிறது என்பது. சின்னக் கோட்டானின் அலகு பாதிக்கு மேல் ஏறக்குறைய நேராக வந்து, நுனிப்பக்கம் சட்டென்று இறங்கும். பெரிய கோட்டானின் அலகு நீளமானது, வளைவும் மெதுவாக இறங்கும். பெண்ணின் அலகு ஆணுடையதைவிட நீளம். இளம்பறவையின் அலகு குட்டையாக இருப்பதால் சின்னக் கோட்டானோ என்று தோன்றும்; அப்போது தலையைப் பாருங்கள், சின்னக் கோட்டானுக்கு உச்சியில் கோடுகள் இருக்கும். பறவை நம்மை நோக்கி நின்றால் எந்த வளைவும் தெரியாது. அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்துதான் எழுத வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மெல்லலகுக் கோட்டானைச் சொல்வேன். சைபீரியாவில் முட்டையிட்டு, மத்தியதரைக் கடலோரம் வலசை வந்த பறவை. ஐயத்துக்கு இடமில்லாமல் அது கடைசியாகப் பதிவானது 1995-இல், மொராக்கோவில். அதன் பிறகும் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். அவற்றை உறுதிப்படுத்த முடியவில்லை. பெரிய கோட்டானிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் முக்கியமானது, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் அந்த அலகு. 2025-இல் அது அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது.

பெரிய கோட்டானும் இன்று அழிவு அச்சுறுத்தலை நெருங்கியவற்றின் பட்டியலில் இருக்கிறது. நம் கடற்கரைக்கு இன்னும் வருகிறது. அதைப் பார்த்தால் அலகு எந்தப் பக்கம் வளைகிறது, எங்கே தொடங்கி வளைகிறது, தலையைப் போல எத்தனை மடங்கு நீளம் என்ற மூன்றையும், பறவை கண்முன் நிற்கும்போதே எழுதிவிடுங்கள்.