மார்கோவாவின் பரண்

போலந்தின் தென்கிழக்கில், வான்சுட் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது மார்கோவா. 14-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் குடியேறிகள் அமைத்த விவசாயக் கிராமம். இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கே நூற்றுச் சொச்சம் யூதர்களும் வாழ்ந்தார்கள்.

இவ்வூர்க்காரர் யூசெஃப் உல்மா. பழமரக் கன்று, தேனீ, பட்டுப்புழு என்று எதையும் வளர்த்துப் பார்க்கும் விவசாயி. சின்னக் காற்றாலை ஒன்றைத் தானே செய்து வீட்டில் பல்பு எரியவிட்டவர். கேமரா என்றால் உயிர். அவர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் மனைவி விக்டோரியா பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கிக்கொண்டிருக்கிறார். ஊரின் அன்றாட வாழ்க்கையை இந்தப் படங்கள் சொல்கின்றன.

யூதருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1941 அக்டோபரிலேயே போலந்தை ஆக்கிரமித்திருந்த ஜெர்மன் ஆட்சி அறிவித்திருந்தது. 1942-இல் மார்கோவா யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அந்த டிசம்பரில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததில் ஊர்க்காரர்கள் சிலருக்கும் பங்குண்டு. இதை மறைத்துவிட்டு மார்கோவாவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. அதே ஊரில்தான் உல்மா குடும்பம் எட்டு யூதர்களுக்குத் தன் வீட்டுப் பரணில் இடம் கொடுத்தது. கோல்ட்மன் என்ற பெரியவர், அவருடைய நான்கு மகன்கள், இரண்டு பெண்கள், அவர்களில் ஒருவரின் சின்ன மகள்.

1944 மார்ச் 24. விடிவதற்குள் டீக்கன் என்ற அதிகாரியின் தலைமையில் ஜெர்மன் காவலர்கள் வீட்டைச் சூழ்ந்தார்கள். காட்டிக்கொடுத்தது வான்சுட் நகரின் போலந்துப் போலீஸ்காரர் ஒருவர் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். முதலில் எட்டு யூதர்களையும் சுட்டார்கள். பிறகு யூசெஃபையும் கர்ப்பிணியான விக்டோரியாவையும். கடைசியில் ஆறு பிள்ளைகளையும். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவளுக்கு ஒன்றரை.

இத்தனைக்குப் பிறகும் ஊரில் மற்ற வீடுகளில் ஒளிந்திருந்த சுமார் 20 யூதர்கள் போர் முடியும்வரை காப்பாற்றப்பட்டார்கள். இதுதான் என்னை உலுக்குகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த பிறகும், அடுப்பில் கூடுதலாக ஒரு பானை ஏற்றிய குடும்பங்கள் அவை.

டீக்கன் தண்டனை எதையும் சந்திக்கவில்லை. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் போலீஸ் வேலை பார்த்து, 1960-இல் இறந்தார். அவருடன் வந்த கோகொட் என்ற காவலர் மட்டும் 1958-இல் போலந்து நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, சிறையிலேயே செத்தார்.

உல்மா தம்பதிக்கு இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவு நிறுவனம் 1995-இல் சிறப்புச் செய்தது. 2016-இல் ஊரில் அவர்கள் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 10 அன்று கத்தோலிக்கத் திருச்சபை குடும்பம் முழுவதையும் அருளாளர்களாக அறிவித்தது. தாய் கொல்லப்பட்ட வேளையில் பிறந்ததாகத் திருச்சபை சொல்லும் சிசுவையும் சேர்த்து. அவர்களுடைய எலும்புகள் இப்போது ஊரின் புனித டொரோத்தி ஆலயத்தில் இருக்கின்றன. யாத்திரிகர்கள் வருகிறார்கள். பரணில் இருந்த எட்டுப் பேரின் உடல்களோ யாகியெவ்வா என்ற வேறோர் ஊரின் போர்க் கல்லறையில் இருக்கின்றன. மார்கோவாவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் போய்வர வேண்டும்.