ஆற்றில் இட்டதும் குளத்தில் தேடியதும்

நுழையும்முன்

‘முடிந்தது’ என்று திரை அறிவிப்பதாலேயே ஒரு பணி முடிந்துவிடுவதில்லை. கருவி பிழை செய்யும்போது காரணத்தை எவ்வாறு தேடுவது? மனிதரைக் குறைகூறுமுன் எவ்வளவு பொறுமை வேண்டும்? ஆசிரியர் ஒருவரின் அனுபவம் இவற்றைப் பேசுகிறது.

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் கோவில் கொண்ட இவ்வூரை, மின்காப்பான்களும் பொம்மைகளும் செய்யும் பீங்கான் தொழிலும் அடையாளப்படுத்துகிறது. பத்தாண்டுகளுக்கு முன் இங்குள்ள பள்ளியொன்றில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றினேன்.

அன்று ஒரு கட்டுரைப் போட்டிக்கு இறுதி நாள். படைப்பைத் தட்டச்சு செய்து மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, சூளையில் வேலை செய்யும் தன் தந்தையைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். கணினி அறைக்குச் சென்று தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொள்ளும்படி காலையில் அவளை அனுப்பினேன்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தாள்.

“ஐயா, மூன்று முறை நிறுவிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்றுதான் வருகிறது. ஆனால் மென்பொருளைத்தான் காணவில்லை.”

“நிறுவியிருந்தால் இருக்குமே அம்மா! பாதியில் எழுந்து வந்திருப்பாய்” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் தலை குனிந்தாள். எழுதிய தாள்களை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கியபோதுதான் என் சொல்லின் கூர்மை எனக்கே உறைத்தது. அவளை அழைத்துக்கொண்டு கணினி அறைக்குச் சென்றேன்.

அங்கிருந்த கணினி ஆசிரியர் பதற்றமின்றி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதிவிறக்கிய கோப்பு முழுமையாக இருக்கிறதா? இருந்தது. நச்சுநிரல் தடுப்பான் எதையேனும் பறித்துத் தனியே பூட்டி வைத்துள்ளதா? இல்லை. சில தட்டச்சு மென்பொருள்கள் சாளரம் எதையும் திறவாமல், திரையின் கீழ்மூலையில் கடிகாரத்தின் அருகே சிறு குறியாக மட்டும் அமர்ந்திருக்கும். அங்கும் இல்லை. நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை. நான்காம் முறை நிறுவினார். ‘வெற்றி’ என்றது திரை. தேடினால் வெறுமை.

அப்போது மாணவி தயங்கியபடி கேட்டாள்: “சூளைக்குள் அப்பா சிறு கூம்புகளை வைப்பார் ஐயா. மூடிய சூளைக்குள் நடந்ததைத் திறந்தபின் அந்தக் கூம்பின் வளைவு சொல்லிவிடும். இதற்கு அப்படி எதுவும் இல்லையா?”

கணினி ஆசிரியர் வியந்து திரும்பினார். “இருக்கிறது அம்மா. அதற்குப் பதிவுக்கோப்பு என்று பெயர்.”

நிறுவி தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் வரிவரியாக எழுதி வைக்குமாறு ஆணையிட்டு, மீண்டும் இயக்கினார். பதிவுக்கோப்பைத் திறந்து மூவரும் படித்தோம். எல்லாக் கோப்புகளும் ஒழுங்காகவே படியெடுக்கப்பட்டிருந்தன. ஆனால் அவை சென்று சேர்ந்த கோப்புறையின் பெயரில் ‘மாணவர்’ என்ற கணக்கு இல்லை. ‘நிர்வாகி’ என்ற கணக்கே இருந்தது.

காரணம் விளங்கியது. மாணவர் கணக்கில் மென்பொருள் நிறுவ உரிமை இல்லை. கணினி கேட்டபோதெல்லாம் ஆசிரியர் வந்து நிர்வாகியின் கடவுச்சொல்லை இட்டிருக்கிறார். அக்கணமே நிறுவி நிர்வாகியின் பெயரில் இயங்கி, அனைத்தையும் அவருக்குரிய கோப்புறையிலேயே வைத்துவிட்டது. பிறர் கோப்புறையைக் காண மாணவர் கணக்கிற்கு உரிமையில்லாததால், தேடலும் ‘இல்லை’ என்றே சொன்னது. திரை பொய் சொல்லவில்லை. மாணவியும் பொய் சொல்லவில்லை.

சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணச் செய்தி. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்பது நம் வழக்கு. அவருக்கு இறையருள் துணைநின்றது. எங்களுக்கோ இட்ட இடத்தைக் காட்டப் பதிவுக்கோப்பு வேண்டியிருந்தது.

‘இக்கணினியின் பயனர் அனைவருக்கும்’ என்ற தெரிவைச் சொடுக்கி மீண்டும் நிறுவினோம். மாணவர் கணக்கின் திரையிலும் குறி தோன்றியது. அவள் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி அழுத்தினாள். ஐந்து மணிக்குச் சில நிமிடங்களே இருக்கையில் கட்டுரை சென்று சேர்ந்தது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவள் தந்தையின் உழைப்பு முதன்முறையாக அச்செழுத்தில் அமைந்தது.

மறுநாள் அதே வகுப்பின் முன்னிலையில், “நேற்று நான் சொன்னது தவறு. அவள் செய்ததும் சொன்னதும் சரி” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வெடித்த கலத்தைக் கண்டவுடன் தேர்ந்த சூளைத் தொழிலாளி எவரையும் ஏசுவதில்லை. மண்ணையும் ஈரத்தையும் வெப்பத்தையும் வரிசையாக ஆராய்வார். கருவியிடம் சான்று கேட்கும் நாம், மனிதரைச் சான்றின்றியே குற்றவாளியாக்கிவிடுகிறோம். அன்று முதல், “ஐயா, செய்துவிட்டேன், ஆனால் வரவில்லை” என்று எந்த மாணவர் வந்து நின்றாலும், “வா, சேர்ந்து பார்ப்போம்” என்பதே என் முதற்சொல்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் 99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டு ஏற்றது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்வரிசை எழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன.

கற்பவை கற்றபின்

நீங்கள் பயன்படுத்தும் கருவியொன்றில் ஏற்பட்ட பழுதையும், அதன் காரணத்தைக் கண்டறிந்த படிநிலைகளையும் வரிசைப்படுத்தி ஒரு பக்கம் எழுதுக.