காட்டத் தெரியாதவர்

மறைந்துபோன மலேசிய ரப்பர்த் தோட்டத்து அப்பாக்களைப் பற்றிப் பிள்ளைகள் எழுதும் நினைவுக் குறிப்புகளில் ஒரு வாக்கியம் ஓயாமல் வருகிறது: “அப்பாவுக்கு அம்மா என்றால் உயிர், ஆனால் அன்பை வெளியே காட்டத் தெரியாதவர்.” நாளிதழ்களின் நினைவஞ்சலிப் பக்கத்திலும் கோயில் மண்டபத்து இரங்கல் பேச்சிலும் இதே பல்லவிதான். சிரம்பானை ஒட்டிய ராசா வட்டாரமும் இதற்கு விலக்கில்லை. (மலாய்ப் பெயர் கொண்ட அந்த ஊர் நம்மவர் நாக்கில் அரசனாகிவிட்டது. அரசர் ஒருவர் பின்னால் வருவார்.) இந்த வாக்கியம் என்னை உறுத்தியதற்குக் காரணம் அதன் சோகமல்ல, அதன் தர்க்கம். வெளியே காட்டவே இல்லையென்றால் உயிராக இருந்த சங்கதி பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்திருக்கிறது என்றால் எங்கோ காட்டியிருக்கிறார், யாரோ பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் ‘காட்டத் தெரியாதவர்’ என்ற பட்டம் எங்கிருந்து வந்து ஒரு தலைமுறை ஆண்கள் மேல் மொத்தமாக ஒட்டிக்கொண்டது? அதன் பிறப்பிடத்தைத் தேடித்தான் நான் புறப்பட்டேன்.

முதலில் சந்தேகப்பட்டது வெள்ளைக்காரனை. தோட்டத் தமிழனின் குடும்ப வாழ்வைப் பற்றிக் காலனி அதிகாரிகளுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலுக்குக் காத்திருந்த முகாம்களில் சேர்ந்த ஜோடிகளை ‘டிப்போ கல்யாணம்’ என்று ஏளனமாகக் குறித்தார்கள். கரையில் கட்டியது கடல் தாண்டினால் அவிழும் என்பது அதன் உட்பொருள். கணக்கும் அவர்களுக்குத் துணை நின்றது. 1911 குடிக்கணக்கில் மலாயா இந்தியர்களிடையே 1,000 ஆணுக்குச் சுமார் 300 பெண்தான். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்து, கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை கோலோச்சி, 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்திய பிறகு 1947இல் எடுத்த கணக்கில்தான் அந்த எண் 600ஐத் தாண்டுகிறது. இங்கேயே பிறந்தவர்களும் ஏறக்குறையப் பாதியாகிறார்கள். ஆகவே என் முதல் வாதம் சுலபமாக அமைந்தது. குடும்பமே நிலைக்காது என்று சொல்லப்பட்ட இடத்தில் குடும்பம் நிலைத்தது. நிலைத்ததே அன்புக்குச் சாட்சி, பழியோ வெள்ளைக்காரன் கிளப்பிவிட்டது. கட்டுரை அந்த இடத்திலேயே முடிந்துவிடும் போலிருந்தது. ஆனால் அதிகாரிகள் சொன்னது ‘பிடிப்பில்லாதவன்’ என்று. பிள்ளைகள் சொல்வதோ ‘பிடிப்பு உண்டு, காட்டத்தான் தெரியவில்லை’ என்று. ஒன்று மற்றதன் பிள்ளையாக இருக்க முடியாது.

சரி, காகிதத்தில் தேடலாம் என்று போனால் சுவர்தான் எதிர்ப்பட்டது, அந்தச் சுவரோடுதான் நான் அதிக நேரம் மல்லுக்கட்டினேன். ஒரு மனிதன் ஒருத்தியோடு எத்தனை ஆண்டு வாழ்ந்தான், அவள் போன பிறகு வேறொருத்தியைக் கட்டினானா என்று அறியக் கல்யாணப் பதிவேடு வேண்டும். இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைக் கட்டாயம் பதியச் செய்தது 1976ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1 அன்று. அதற்கு முன் தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில் கட்டிய தாலிகளுக்குக் கோயில் மணியும் பந்தலில் உட்கார்ந்திருந்த சனமும்தான் அத்தாட்சி. முன்னர் நடந்த வழக்கப்படியான கல்யாணங்களை இந்தச் சட்டம் என்ன செய்தது என்பதுதான் வேடிக்கை: அவை எல்லாம் பதிவானவையாகவே கருதப்படும் என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொண்டது. கருதப்படும்! அதாவது நம் தாத்தா பாட்டிகள் பதிவேடு இல்லாமலே பதிவானவர்கள். ஒரு வழக்கறிஞருக்கு அந்தச் சொல் போதும்; தேடுகிறவனுக்கு அது திறக்காத பூட்டு. திருமணம் தொடங்கிய நாளுக்கே தாள் இல்லாதபோது அது எப்படி நீடித்தது என்பதற்கு எந்தத் தாளைக் காட்டுவது?

இதைவிடப் பெரிய அடி ஒரு புத்தகத்திலிருந்து விழுந்தது. மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா எழுதி 2021இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பெண்களை வெறும் பாவப்பட்ட பிறவிகளாக வைக்க மறுக்கிறது. பிடிக்காத புருஷனை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள். போனவளை மீட்க ஆண்கள் நீதிமன்றம் ஏறினார்கள். அதற்கு வழி செய்தது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வார்ப்பில் இங்கும் வந்த 498ஆம் பிரிவு: பிறன் மனைவியை ஆசை காட்டி அழைத்துப் போவது குற்றம். புகார் செய்யும் உரிமை கணவனுக்கு மட்டும். தன் கணவனை இன்னொருத்தி அழைத்துப் போனால் மனைவி முறையிட அதில் இடமில்லை. கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவை 2023 டிசம்பரில்தான், ஆண் பெண் சமத்துவத்துக்கு முரண் என்று செல்லாததாக்கியது. கங்காணிக்கோ ஒரு பெண் தோட்டத்தை விட்டுப் போனால், ஆளுக்கு இவ்வளவு என்று கிடைத்த தலைக்காசில் ஒரு தலை குறையும். சட்டமும் கங்காணியும் சாதிசனமும் மூன்று பக்கமும் வேலி கட்டியிருக்கும்போது, குடும்பம் நிலைத்ததை வைத்து அன்பை நிரூபிக்க நினைத்த என் வாதம் சரிந்தது. உள்ளே இருந்த மாடு வேலியைத் தாண்டாதது புல்லின் ருசிக்குச் சாட்சியாகுமா?

ஆனால் அதே புத்தகம் வேறொரு கதவையும் காட்டியது. அவள் போகக்கூடியவள் என்றால், தங்கியதில் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். ஆண்கள் மிஞ்சிக் கிடந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு பெண் ஒருவனோடு 30, 40 வருஷம் இருந்தாள் என்றால், சட்டம் கேட்காத, தோட்ட எழுத்தரான கிராணி எழுதாத எதையோ அவன் அன்றாடம் செய்திருக்க வேண்டும். ஆக, தேட வேண்டிய சாட்சி எப்படிப்பட்டது என்பது தெளிவானது: யாரும் கட்டாயப்படுத்தாத செயல். அப்படி ஒன்று கித்தாக் காட்டிலேயே, அதாவது ரப்பர்க் காட்டிலேயே இருக்கிறது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் இருட்டோடு நிரைக்குப் போய் 300, 400 மரம் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். அவனுக்கு ஒரு நிரை, அவளுக்கு ஒரு நிரை. 1930களின் கடைசியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. தன் நிரையை முடித்தவன் அவள் நிரைக்குள் நுழைந்து மேட்டு மரங்களின் பாலை எடுத்துக்கொடுத்ததும், அவள் வாளியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டதும் தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் புதிய செய்தி அல்ல. அதற்கு எந்த மேற்பார்வையும் இல்லை; மண்டோர் பார்த்தது மரத்தின் காயத்தை, வாளியை யார் தூக்கினார்கள் என்பதை அல்ல.

இது பிழைப்பு, அன்பு இல்லை என்று மறுப்பவர்கள் உண்டு. இரண்டு கூலி வந்தால்தான் அடுப்பு எரியும், ஆகவே அவளுக்கு உதவியது தனக்கே உதவியது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்த வாதம் அளவுக்கு மீறி வெட்டுகிறது. அதே அம்மா பசியாற வைத்ததும் பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு வேலைக்கு ஓடியதும் பிழைப்புக்குள்தான் நடந்தன. அங்கே மட்டும் நாம் தயங்காமல் பாசம் என்கிறோம். பிழைப்பிலிருந்து பிரித்தெடுத்த அன்பு கிராணி வீட்டுக்கும் துரை பங்களாவுக்கும் கட்டுப்படியான சரக்கு. இரண்டாவது மறுப்பு கனமானது: கள்ளும் அடியும். தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாள் இரவில் லயத்தில் கேட்ட அலறலை எந்த வாதமும் அழித்துவிடாது, அழிக்கவும் கூடாது. அடித்தவனையும் சேர்த்து ‘உள்ளுக்குள் பாசம்’ என்று மெழுகிவிட இந்த வாக்கியம் பயன்படுகிறது என்பதும் அதன் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி. ஆனால் 1947இல் கெடாவில் ஏ.எம். சாமி திரட்டிய தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை அந்தக் கள்ளுக்கடைகளைத்தான் மறியல் செய்தது. மறித்தவர்களும் அதே லயத்து ஆண்கள். அடித்தவர் அடித்தவர்தான், வாளி சுமந்தவர் சுமந்தவர்தான். இருவரையும் ஒரே மௌனத்துக்குள் தள்ளுவதால் முன்னவருக்கு லாபம், பின்னவருக்கு நட்டம்.

அப்படியானால் வாக்கியம் எப்போது பிறந்தது? தோட்டம் போனபோது என்று நினைக்கிறேன். ராசாவைச் சுற்றிக் கித்தாவும் பிறகு செம்பனையும் நின்ற நிலங்கள் வீடமைப்புகளாகிவிட்டன. சடக்கின் இருபுறமும் இப்போது கடைவீடுகள். அந்த அப்பாவின் அன்பு நடந்த இடம் நிரை. பிள்ளைகள் அந்நேரம் பள்ளியில் இருந்தார்கள், பிறகு தொழிற்சாலையில், பிறகு கோலாலம்பூரில். மலிவு விலை வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தபோது அந்த மனிதருக்குச் சுமக்க வாளி இல்லை, மிஞ்சியது ஒரு நாற்காலி. இந்தப் பக்கம் பிள்ளைகளின் கையில் வேறொரு அளவுகோல் வந்திருந்தது. தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய தமிழ்ப் படங்கள் காதல் என்றால் வசனம், பாட்டு, மரத்தைச் சுற்றி ஓட்டம் என்று கற்றுக்கொடுத்திருந்தன. அவரும் மரத்தைச் சுற்றியவர்தான், தினம் 300 மரம். அது திரைக்கு வரவில்லை. வேலை கண்ணை விட்டுப் போனதும், வாயால் சொல்லாத கிழவர் மட்டும் பார்வையில் நின்றார். அவரைப் பிள்ளைகள் நாற்காலியிலிருந்து பின்னோக்கிப் படித்தார்கள்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன், மனைவி முந்திப் போன அப்பாக்களின் விஷயம் இன்னொரு தடத்தில் இழுத்தது. கணவனை இழந்தவளுக்கு நம் வழக்கம் அடையாளம் அடையாளமாகப் பறித்தது, பெயரும் வைத்தது. மனைவியை இழந்தவனுக்குப் பறிக்க ஒன்றுமில்லை; பேச்சு வழக்கில் அவனைக் குறிக்க ஒரு சொல் கூட இல்லை, ‘பெண்டாட்டி செத்தவன்’ என்று விளக்கித்தான் சொல்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் சொல் இருந்திருக்கிறது. தொல்காப்பியம் அவன் நிலைக்குத் தபுதார நிலை என்றும், அவள் நிலைக்குத் தாபத நிலை என்றும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. புறநானூற்றில் 246ஆம் பாட்டு பூதப்பாண்டியன் தேவியுடையது. கணவனோடு தீப்பாயப் போனவளின் பாட்டு, ஊரறிந்தது. அதற்கு முந்தைய 245 அவ்வளவாக மேடை ஏறுவதில்லை. அது சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, மனைவி இறந்த நாளில் சொன்னது. இதோ, நம் ராசா. அவளை ஈமத்தீயில் கிடத்திவிட்டு நிற்கும் அவன் தன் காதலின் பெருமையைப் பேசவில்லை. இவ்வளவு துயரமும் என் உயிரைக் கொண்டுபோகும் அளவுக்கு வலிமை இல்லாததாயிற்றே, இன்னும் இருக்கிறேனே என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறான்.

அந்தப் பாட்டைப் படித்த பிறகு தோட்டத்துக் கிழவரின் மௌனத்தை வெறுமை என்று எனக்குச் சொல்ல வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் பெரட்டுக்குப் போய் நின்றவர், வருஷா வருஷம் அவள் திதிக்குப் படையலில் ஒரு புதுப்புடவையை மடித்து வைத்தவர், இதற்கெல்லாம் சாஸ்திரக் கட்டாயம் எதுவும் இல்லாதவர். உணர்ச்சி இல்லாதவன் சாப்பிட்டுவிட்டுப் போவான். இன்னும் சாப்பிடுகிறோமே என்று கூசுகிறவனும் வெளிப்பார்வைக்கு அப்படியேதான் தெரிவான். ஒரு சேர அரசனின் வாய்ச்சொல் கிடைத்திராவிட்டால், தீமேடையருகே உயிரோடு நின்ற அவனையும் காட்டத் தெரியாதவன் என்றுதான் எழுதியிருப்போம். அரண்மனையையும் லயத்தையும் ஒப்பிடுவது மிகை என்று சொல்லலாம். நான் ஒப்பிடுவது அவர்களின் அந்தஸ்தை அல்ல. மனைவியை இழந்த தமிழ் ஆணின் பேச்சுக்கு நம்மிடம் இருக்கும் மாதிரிகள் மிகக் குறைவு. அந்தச் சிலவற்றில் ஒன்று இப்படி, பெருமை பேசாமல், இருப்பதற்கே வெட்கப்பட்டுக் கேட்கிறது.

இன்னும் ஒரு சின்ன விஷயம். சேரமானின் மனைவிக்கும் பூதப்பாண்டியனின் மனைவிக்கும் நூல் தருவது பெருங்கோப்பெண்டு என்ற ஒரே பட்டம். பெரிய ராணி என்பதற்கு மேல் அவர்கள் பெயர் நமக்கில்லை. தோட்டத்து அப்பாவும் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை. ‘இந்தா’, ‘புள்ள’, மூத்த பிள்ளையின் பெயரோடு ‘அம்மா’, அவ்வளவுதான். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் அவள் பெயர் ஏறியது உண்டு, ஆனால் அது அரசாங்கம் கேட்டுக் கொடுத்தது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தபோது வாரிசாக யாரை வேண்டுமானாலும் எழுதலாம் என்றொரு படிவமும் வந்தது: அண்ணனை எழுதலாம், ஊரில் இருக்கும் தாயை எழுதலாம், எழுதாமலும் விடலாம். தாலிக்குத் தாள் இல்லாத அந்தக் காலத்தில், ஆபீஸ் மேசைக்கு முன்னால் தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றவரிடம் கிராணி யார் பேர் என்று கேட்டிருப்பார். வீட்டில் ஒருநாளும் கூப்பிடாத அந்தப் பெயரை அங்கே உரக்கச் சொல்ல வேண்டும், சில வேளை இரண்டு தரம், ரோமன் எழுத்தில் கிராணி அதைத் தப்பாக எழுதி முடிக்கும்வரை.